பிராய்லர் கோழியைக் கொல்லையில் செல்லமாக வளர்க்க: மதுரைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பிராய்லர் கோழியை வீட்டில் வைத்து வளர்க்கலாமா என்று மதுரைப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "அது நாப்பத்தஞ்சு நாள் கோழிப்பா, அதுக்கு மேல தாங்காது." இதில் பாதிதான் உண்மை. கறிக்கடைக்குப் போகும் கோழிகளுக்கும் தாய், தகப்பன் உண்டு. ஏறக்குறைய அதே ரத்தம்தான். குஞ்சு உற்பத்திப் பண்ணைகளில் அந்தத் தாய்க்கோழிகள் 60 வாரம் கடந்தும் முட்டை இடுகின்றன. வித்தியாசம் தீனியில் இருக்கிறது. கறிக்கு வளர்க்கும் குஞ்சு கேட்ட நேரமெல்லாம் தின்று 5 வாரத்தில் 2 கிலோவைத் தாண்டுகிறது. தாய்க்கோழிக்குத் தினமும் கிராம் கணக்கில் அளந்துதான் போடுகிறார்கள். அந்த 2 கிலோ சொச்சத்தை அது எட்டுவதற்கு 20 வாரம் ஆகிறது.

ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள் என்ற பேச்சு இன்னும் ஊரில் ஓய்ந்தபாடில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி இனங்களை ஒன்றாக வைத்து, ஒரே தீவனம் போட்டு வளர்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 56 நாளில் 1957ஆம் ஆண்டு இனம் 905 கிராம், 1978ஆம் ஆண்டு இனம் 1,808 கிராம், 2005ஆம் ஆண்டு இனம் 4,202 கிராம். தீவனம் ஒன்று, நாள் ஒன்று, எடை மட்டும் நாலரை மடங்கு. காரணம் ஊசி இல்லை, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இந்தக் கோழிக்குள் பசியையும் வளர்ச்சியையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நெஞ்சுச் சதை ஏறும் வேகத்துக்குக் காலும் இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்க முடிவதில்லை. இதைச் செல்லமாக வளர்க்க நினைப்பவருக்கு முதல் வேலை, அந்த வேகத்தைக் குறைப்பது. இரண்டாவது வேலை மதுரை வெயிலிலிருந்து காப்பாற்றுவது. மற்றதெல்லாம் எந்தக் கோழிக்கும் செய்வதுதான்.

1. கொண்டுவரும் முன்

ஒன்றாக வாங்காதீர்கள், குறைந்தது இரண்டு வேண்டும். கோழி கூட்டத்துக்குப் பிறந்த பறவை, தனியாக இருந்தால் கத்திக்கொண்டே கிடக்கும். ஏற்கெனவே நாட்டுக்கோழி இருக்கும் வீடானால் யோசித்துச் சேருங்கள். நாட்டுக்கோழி சுறுசுறுப்பு, பிராய்லர் மந்தம். கொத்து வாங்குவது எப்போதும் பிராய்லர்தான். தீனி நேரத்தில் பிரித்து வைக்க ஒரு பஞ்சாரம் இருந்தால் போதும். புதிதாக வரும் கோழியை ஒரு மாதம் தனியே வைத்த பிறகு சேருங்கள்.

இடக் கணக்கு: அடைய ஒரு கோழிக்கு 4 சதுர அடி, நடமாட 10 சதுர அடிக்குக் குறையாமல். மொட்டை மாடி வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் மதுரையின் மாடித் தளத்தில் நாமே செருப்பில்லாமல் நிற்க முடியாது.

தினமும் காலையிலும் மாலையிலும் அளந்து தீனி வைக்க வீட்டில் ஆள் உண்டா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று விட்டுப்போனால், அவர் பாசத்தில் ஒரு படி சோற்றைக் கொட்டிவிடுவார். ஒரு வேளைத் தீனியை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

2. குஞ்சு எடுக்கும்போது

ஒருநாள் குஞ்சு தீவனக் கடைகள் வழியாகவோ பண்ணையிலிருந்தோ கிடைக்கும். தொப்புள் காய்ந்திருக்க வேண்டும், ஆசனவாயில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. மல்லாத்திப் போட்டால் உடனே புரண்டு எழ வேண்டும். இரண்டு காலும் நேராக ஊன்ற வேண்டும்.

தெருவில் கூடையில் வரும் கலர் குஞ்சுகளில் பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள் இருக்கும், நடுவே பிராய்லரும் கலந்திருக்கும். சாயம் பூசும்போதும் வெயிலில் கூடையில் சுற்றும்போதும் அவை படும் பாட்டுக்கு அந்த வியாபாரத்தை ஊக்குவிக்கவே கூடாது என்பது என் எண்ணம். பிள்ளைகள் ஏற்கெனவே வாங்கி வந்துவிட்டால் இரண்டு வாரத்தில் இனம் தெரியும்: பிராய்லருக்குக் கால் தடித்து மஞ்சளாக இருக்கும், மார்பு அகலும், வயிற்றுப் பக்கம் இறகு முளைக்காமல் தோல் தெரியும்.

3. முதல் மூன்று வாரம்

வந்தவுடன் வெல்லம் கரைத்த தண்ணீர், சில மணி நேரம் கழித்துத் தீனி. தண்ணீர்த் தட்டு ஆழமில்லாததாக, நடுவில் கூழாங்கல் போட்டு வையுங்கள். குஞ்சு மூழ்கிவிடக் கூடாது.

சூடு முதல் வாரம் 32 முதல் 33 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். அட்டைப் பெட்டியில் ஒரு மூலையில் 60 வாட் குண்டு பல்பு தொங்கவிட்டால் இரண்டு மூன்று குஞ்சுக்குப் போதும். வெப்பமானியைவிடக் குஞ்சே நன்றாகச் சொல்லும். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு, பரவலாகப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது. கத்திரி வெயிலில் பகலில் பல்பே தேவைப்படாது. மார்கழி, தை ராத்திரிகளில் கட்டாயம் வேண்டும்.

தரைக்கு நெல் உமி அல்லது கடலைத் தோல் இரண்டு அங்குலம். மேலூர், சோழவந்தான் பக்கம் ரைஸ் மில்லில் உமி எளிதாகக் கிடைக்கும். வழுவழுப்பான செய்தித்தாளை விரிக்காதீர்கள். எடை வேகமாக ஏறும் குஞ்சு வழுக்கிக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோனால் சரிசெய்வது கடினம். உமியின் மேல் முதல் சில நாள் சணல் சாக்கை விரித்தால் பிடிமானம் கிடைக்கும்.

4. தீனி

இங்கேதான் செல்லக்கோழியின் ஆயுள் தீர்மானமாகிறது.

முதல் வாரம் பிராய்லர் ஸ்டார்ட்டர் தீவனத்தைத் தாராளமாக வையுங்கள். குடலும் எலும்பும் உருவாகும் நாட்கள் அவை. இரண்டாம் வாரத்திலிருந்து, சூட்டுக்குப் பல்பு தேவைப்படாத ராத்திரிகளில் விளக்கை அணைத்து, தீனித் தட்டையும் எடுத்துவிடுங்கள். எட்டு பத்து நாளிலிருந்து முட்டைக்கோழிக் குஞ்சுகளுக்கு விற்கும் குரோயர் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மூன்றாம் வார முடிவில் முழுவதும் அதற்கே மாற்றுங்கள். அதில் புரதம் 16 சதவீதம் அளவில் இருக்கும், பிராய்லர் ஸ்டார்ட்டரில் 20 சதவீதத்துக்கு மேல். பிராய்லர் ஃபினிஷர் மூட்டையை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம், அது கொழுக்க வைக்கவே தயாரித்தது.

அளவு என்ன? தாய்க்கோழிப் பண்ணைகளில் பெட்டைக்கு வைக்கும் இலக்கு ஏறத்தாழ 4 வாரத்தில் அரை கிலோ, 12 வாரத்தில் ஒன்றேகால் கிலோ, 20 வாரத்தில் இரண்டேகால் கிலோ. வாரத்துக்குச் சுமார் 100 கிராம் ஏற்றம். அவ்வளவு இறுக்கிப் பிடித்தால் கோழி நாளெல்லாம் பசியோடு கிடக்கும், செல்லத்தை அப்படி வைக்க எனக்கு மனசு வராது. வீட்டில் கொஞ்சம் தளர்த்தி, 4 வாரத்தில் 600 முதல் 700 கிராம், 12 வாரத்தில் ஒன்றரை கிலோ, 20 வாரத்தில் இரண்டரை கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு நாளொன்றுக்கு 4 வாரக் குஞ்சுக்கு 45 கிராம், 10 வாரத்தில் 65 கிராம், 20 வாரத்தில் 110 கிராம் என்ற கணக்கில் தொடங்குங்கள். சேவலுக்குக் கொஞ்சம் கூட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை தீனி வைக்கும் முன், ஒவ்வொரு கோழியையும் துணிப்பையில் போட்டு எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஏற்றம் அதிகமானால் அடுத்த வாரம் அளவை ஏற்றாதீர்கள். ஆனால் இருப்பதைச் சட்டென்று வெட்டவும் வேண்டாம். இந்த நோட்டு இல்லாமல் கண் மதிப்பில் வளர்ப்பவர்களின் கோழிகள்தான் நாலைந்து மாதத்தில் உட்கார்ந்துவிடுகின்றன.

பசியை எப்படிச் சமாளிப்பது? அளந்த தீனியைத் தட்டில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் காலி. அதில் பாதியைத் தட்டிலும் பாதியைக் காய்ந்த சருகு, வைக்கோலுக்கு நடுவிலும் தூவுங்கள். கிளறித் தேடித் தின்ன அரை மணி நேரம் ஆகும், கால் பலப்படும், கொத்திக்கொள்ளவும் நேரமிருக்காது. கூடவே வயிறு நிறைய ஆனால் சதை போடாத பொருள்கள்: முருங்கைக்கீரை, அகத்தி, தண்டுக்கீரை, அறுகம்புல், சுரைக்காய், வெள்ளரி, பூசணி. ஒரு முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டி, கோழி கழுத்தை நீட்டினால் எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். அரை நாள் அதோடே பொழுது போகும். பேரையூர், கல்லுப்பட்டிப் பக்கம் விளையும் குதிரைவாலியும், கம்பும் சோளமும் ஆசைக்கு ஒரு பிடி தூவலாம். அதையும் அன்றைய கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். தானியம், கீரை தின்னும் கோழிக்குச் சின்ன மணல் கற்கள் கிடைக்க வேண்டும், பல் இல்லாத அது கற்களைக் கொண்டுதான் அரைக்கிறது.

மிச்ச இட்லி, குருணைக் கஞ்சி, புரோட்டாத் துண்டு எதுவும் வேண்டாம். மாவுச்சத்து அப்படியே அடிவயிற்றில் கொழுப்பாக இறங்கும். சாம்பார்ச் சோறு, ஊறுகாய், அப்பளம் இவற்றின் உப்பைக் கோழியின் சிறுநீரகம் தாங்காது. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு ஈரலைக் கெடுக்கும், விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள்.

ஏற்கெனவே 5 வாரம் தாண்டி 2 கிலோ ஆன கோழியைக் கடைக் கூண்டிலிருந்து மனசு கேட்காமல் வாங்கி வந்தவர்களும் உண்டு. அது நாளுக்கு 150 கிராம் வரை தின்று பழகியிருக்கும். மறுநாளே பாதியாகக் குறைக்காதீர்கள். குரோயர் தீவனத்தை ஒரு வாரத்தில் கலந்து மாற்றி, பிறகு இரண்டு மூன்று வாரத்தில் 110 கிராமுக்கு இறக்குங்கள். முதலில் நாலு அடி நடந்தாலே உட்காரும். தண்ணீரை ஒரு மூலையிலும் தீனியை எதிர் மூலையிலும் வைத்தால் தானாக நடக்கப் பழகும்.

5. கூடு

கொட்டகையின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் உள்ளே நேராக விழாது. கூரைக்குத் தென்னங்கீற்றுதான் முதல் தேர்வு. தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டிருந்தால் மேலே கீற்று வேய்ந்துவிடுங்கள். பக்கச் சுவர் ஒன்றரை அடி, அதற்கு மேல் முழுவதும் கம்பி வலை. வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் போனால் கீரிக்கும் பெருச்சாளிக்கும் வழி விட்டதாகும். பிராய்லர் ஓடித் தப்பாது, மரத்திலும் ஏறாது. சுற்றிலும் ஓர் அடி ஆழத்துக்கு வலையைப் புதையுங்கள், ராத்திரி கதவுக்குக் கொக்கி போடுங்கள்.

நாட்டுக்கோழிக்குப் போல உயரத்தில் பரண் கட்டாதீர்கள். மூன்று கிலோ எடையோடு அங்கிருந்து குதித்தால் பாதமும் மூட்டும் அடிபடும். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் அகலமான பலகை ஒன்று போதும். அதிலும் ஏறாமல் உமியில் படுத்தால் விட்டுவிடுங்கள்.

உமி காய்ந்து பொலபொலவென்று இருக்க வேண்டும். ஈர உமியிலிருந்து கிளம்பும் அமோனியா கண்ணையும் மூச்சையும் கெடுக்கும், நெஞ்சிலும் முழங்காலிலும் புண் வைக்கும். தினம் ஒருமுறை கிளறி, கட்டி தட்டியதை அள்ளி எடுத்துவிடுங்கள். மக்கினால் வாழைக்கும் முருங்கைக்கும் அருமையான உரம்.

6. வெயில்

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வளர்ந்த பிராய்லருக்கு இதமானது 18 முதல் 24 டிகிரி. மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி சாதாரணம். உடம்பு பெரிது, இதயம் பலவீனம் என்று இரண்டும் சேர்வதால், நாட்டுக்கோழி தாங்கும் வெயிலில் பிராய்லர் சரிந்துவிடும். தீனிக்கு அடுத்தபடி அதிகக் கோழிகள் போவது இதில்தான்.

மாசி கடைசியிலேயே நேரத்தை மாற்றுங்கள். காலைத் தீனி 6 மணிக்கு, மாலைத் தீனி வெயில் தாழ்ந்து 6 மணிக்கு. இடையில் தட்டை எடுத்துவிடுங்கள். செரிமானமே உடம்பில் சூட்டை உண்டாக்கும். உச்சி வெயிலும் செரிமானச் சூடும் ஒன்றாகச் சேரக் கூடாது. தண்ணீரை மட்டும் எப்போதும் எடுக்கக் கூடாது. சாதாரண நாளில் தின்னும் தீனியின் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், கோடையில் இன்னும் கூடும். வாயகன்ற மண்சட்டிகளில் நிழலில் இரண்டு மூன்று இடத்தில் வைத்து, மதியம் ஒருமுறை மாற்றுங்கள். கோழிகளுக்கென்று விற்கும் எலக்ட்ரோலைட் பொடியைக் கடும் வெயில் நாட்களில் பகலில் கலந்து கொடுக்கலாம்.

வேப்பமரமோ புங்கமரமோ இருந்தால் அதனடியில் ஒரு சதுர மீட்டர் மணலைக் கொட்டி, 11 மணிக்கும் 2 மணிக்கும் தண்ணீர் தெளியுங்கள். கோழி வந்து வயிற்றை அழுத்திப் படுத்துக்கொள்ளும். கொட்டகையில் காற்று வரும் பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிடலாம், ஆனால் காற்றோட்டம் இருந்தால் மட்டும். காற்று நின்ற கொட்டகையில் ஈரம் சேர்ந்தால் புழுக்கம் கூடி மூச்சு வாங்குவதே பயனற்றுப்போகும். ஒரு சின்ன மேஜை விசிறி பெரிய உதவி.

சிறகை விரித்து வைத்து மூச்சு வாங்கினால் எச்சரிக்கை. கொண்டை கறுத்து, கண் செருகி, தலை தொங்கினால் ஆபத்து. உடனே நிழலுக்குத் தூக்கி வந்து காலையும் வயிற்றின் அடிப்பக்கத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். தலை நிமிரும் வரை வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

7. வாரச் சோதனை

எடை பார்க்கும் அன்றே மற்றதையும் பார்த்துவிடலாம். பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்காலில் கறுப்பாகப் பொருக்கு தட்டி வீங்கியிருந்தால் பாதப்புண், மருத்துவரிடம் காட்ட வேண்டும், வீட்டில் பிளேடால் கீறக் கூடாது. கனத்த கோழி தன் பின்பக்கத்தைத் தானே கோத முடியாது. எச்சம் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதை விட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். சிறகடியில் பேன், செள்ளு இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்த குழி ஒன்று இருந்தால் அதில் புரண்டே பெரும்பாலும் தீர்த்துக்கொள்ளும்.

வயிற்றை உள்ளங்கையில் தாங்கிப் பாருங்கள். தண்ணீர் நிறைந்த பலூன் போலத் தளும்பினால், கொண்டை நீலம் பாய்ந்தால், அது இதயம் தோற்று வயிற்றில் நீர் சேர்வது. பிராய்லருக்கு வேகமாக வளர்ந்ததன் விலையாக வரும் நோய் இது. மருத்துவர் நீரை எடுத்துக் கொஞ்ச நாள் ஆறுதல் தரலாம், முழுக் குணம் அரிது.

8. தடுப்பூசியும் நோயும்

வெள்ளைக் கழிச்சல் என்ற வைரஸ் நோய் வந்தால் மருந்து கிடையாது, தடுப்புதான் வழி. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாம் வாரத்தில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாம் வாரத்தில் ஊசி. இரண்டாம் வாரத்தில் கம்போரோ நோய்க்கும் சொட்டு மருந்து உண்டு. அரசு கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைகளில் கழிச்சல் தடுப்பூசி போடுவார்கள். பிப்ரவரியில் ஊர் ஊராக முகாமும் நடக்கும். திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது, வளர்ப்புச் சந்தேகங்களுக்கு அங்கே கேட்கலாம்.

மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சின் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சல், அன்றே மருத்துவரைப் பாருங்கள். உமியை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும். குடற்புழு நீக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அளவை எடை சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோழியைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குஞ்சுக்கு முத்தம் கொடுக்க விடாதீர்கள், சால்மோனெல்லா கிருமி அதன் எச்சத்தில் இருக்கும்.

9. பெட்டையும் சேவலும்

ஐந்தாறு வாரத்தில் சேவலுக்குக் கொண்டை பெரிதாகிச் சிவக்கும், கால் இன்னும் தடிக்கும். நாலு, ஐந்து கிலோ வரை போகக்கூடிய சேவல் பெட்டையை மிதித்தால் அதன் முதுகுத் தோல் கிழியும். பெட்டைகளோடு விடுவதானால் பார்த்து விடுங்கள். கூவல் விடியும் முன்பே தொடங்கும், பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பெட்டை ஆறு மாதம் அளவில் முட்டையிடத் தொடங்கும். அதன் பிறகுதான் லேயர் தீவனம். அதில் உள்ள சுண்ணாம்புச்சத்து முட்டையிடாத கோழியின் சிறுநீரகத்துக்குக் கேடு, சேவலுக்கும் அப்படியே. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவையானது தானே கொத்திக்கொள்ளும். முட்டையிடும் காலத்தில் தீனியைக் கொஞ்சம் கூட்டலாம். இரட்டைக்கரு முட்டை அடிக்கடி வந்தால் தீனி கூடிப்போனதன் அறிகுறி, அளவைக் குறையுங்கள். முட்டை வராமல் நாள் முழுவதும் முக்கிக்கொண்டு பெங்குவின் போல நிமிர்ந்து நின்றால் முட்டை அடைத்திருக்கிறது. காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

10. கால் விழுந்துவிட்டால்

இத்தனையும் செய்தும் சில கோழிகள் ஒரு வருடத்தில் இதயம் நின்று போகும். சில கோழிகள் பல வருடம் இருக்கும். இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். பிள்ளைகளிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எழுந்து நிற்க முடியாத கோழியைப் பஞ்சு வைத்த கூடையில் கிடத்தி, தீனியும் தண்ணீரும் எட்டும்படி வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் தேறும் கால்வலி உண்டு. தீனியைத் திரும்பிப் பார்க்காமல், மூச்சுக்குத் திணறி, கண்ணை மூடியே கிடந்தால் அதை இழுத்துக்கொண்டு போவது நம் ஆறுதலுக்காகத்தான். வலியில்லாமல் அனுப்பிவைக்கக் கால்நடை மருத்துவரால் முடியும், தயங்காமல் கேளுங்கள்.

இறந்த கோழியை வைகையிலோ கண்மாயிலோ குப்பைத்தொட்டியிலோ போடக் கூடாது. மூன்றடி ஆழக் குழியில் சுண்ணாம்புத் தூள் தூவிப் புதைக்க வேண்டும், நாய் தோண்டாமல் மேலே கல் ஏற்றி வையுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று கோழிகள் காரணம் தெரியாமல் செத்தால் புதைக்கும் முன் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாக இருக்க வாய்ப்புண்டு. அவர்கள் வரும் வரை கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மீதிக் கோழிகளைக் கொட்டகையை விட்டு வெளியே விடாதீர்கள்.